ராணி அழும் பாட்டு

அந்த வருஷம் காஞ்சிபுரத்தில் யாரைப் பார்த்தாலும் ராணி அழும் பாட்டைத்தான் முணுமுணுத்தார்கள். நாடகத்தில் மகனைப் பறிகொடுத்த ராணியாக வேஷம் கட்டுபவர் ஆதிகேசவன். அவர் பாடும்போது ஓரிடத்தில் குரல் சட்டென்று நின்றுவிடும். கூட்டம் அசையாது. பிறகு விட்ட இடத்திலிருந்தே குரல் மறுபடி கிளம்பும்.

பாட்டை இசைத்தட்டாகப் போட மதராஸிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. மெட்டு யாருடையது என்று அவர்கள் கேட்டதும் குழப்பம் தொடங்கியது. எந்த ஊரில் நாடகம் நடக்கிறதோ, அதை நடத்துகிறவரின் பெயரைக் கடைசி அடியில் சேர்த்துப் பாடுவது ஆதிகேசவனின் வழக்கம். தென்னேரியில் அது ராஜகோபாலின் பெயர். பாட்டைக் கட்டியவர் பெயர்தான் அப்படி வருகிறது என்று ஊரே நம்பியிருந்தது. ராஜகோபாலை முன்னால் விட்டுக்கொண்டு தென்னேரிக்காரர்கள் வந்து நின்றார்கள். அவரும் மறுக்கவில்லை.

நாடகத்தின் ஆர்மோனியக்காரர் நசீருதீன் தன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தார்.

"நான் போட்ட மெட்டுன்னா சிரிக்கிறானுங்க. பொட்டிக்குப் பின்னால குந்திக்கினு இருக்கிறவனுக்கு மெட்டு எங்கேர்ந்து வருங்கிறானுங்க. நீதானே வூட்ல இருந்தே, பல்கீஸ்? வந்து சொல்லு."

அவர் மனைவி பல்கீஸ் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்த ராட்டையை நிறுத்தினாள்.

இரவெல்லாம் அவருக்கு நாடகம். விடிந்து வந்தால் மத்தியானம் வரை தூக்கம். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவளும் ராட்டையும்தான். சுற்றும்போது தன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ முனகுவாள். நூல் அறுந்தால் முனகலும் நிற்கும். முடிச்சுப் போட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். ஒருநாள் அவர் துள்ளி எழுந்து, கனவில் ஒரு மெட்டு வந்தது என்று வாசித்துக் காட்டினார். நூல் அறுந்த இடம்கூட அப்படியே இருந்தது. கேலி செய்கிறார் என்று அவள் சிரித்தாள். அவர் கேலி செய்யவில்லை. அன்று சாயங்காலம் வரை அவளிடம் பேசிக்கொண்டே இருந்தார். அவர் அப்படிப் பேசி வெகுகாலமாகியிருந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் நாடக முதலாளி கண்ணாயிரத்தின் வீட்டில், கதவுத் திரைக்குப் பின்னால் பல்கீஸ் நின்றாள். கண்ணாயிரம் மரியாதையாகவே கேட்டார்.

"மெட்டு உங்க வூட்லதான் பொறந்துதாம்மா? வெளியாளு யாரும் குடுக்கலியே?"

திரைக்கு அந்தப் பக்கம் நசீருதீன் இருமுவது கேட்டது. பயந்தால் அவருக்கு வரும் இருமல் அது.

"எங்க வூட்லதான் பொறந்துது. வெளியாளு யாரும் இல்ல."

அடுத்த கேள்விக்காகக் காத்து நின்றாள். யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் காபி கொண்டுவரச் சொன்னார்கள்.

இசைத்தட்டு நசீருதீன் பெயரோடு வந்தது. மதராஸில் வேலையும் கிடைத்தது. இப்போது அவர் பகலிலும் வீட்டில் இருப்பதில்லை. ஊருக்கு வரும் நாட்களில் அவரைப் பார்க்க ஆட்கள் வந்துவிடுவார்கள்.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பூவம்மாள் வந்தபோது பல்கீஸ் நூல் சுற்றியபடி பாடிக்கொண்டிருந்தாள். பூவம்மாள் கதவருகே நின்று கேட்டாள்.

"உங்க வூட்டுக்காரர் பாட்டுதானே? நீ தப்பாப் பாடறியேமா. முடிக்கிற எடத்துல இன்னும் கொஞ்சம் எறங்கணும். ரிக்கார்டுல அப்படித்தான் வருது."

"அப்படியா?" என்றாள் பல்கீஸ்.

பூவம்மாள் உட்கார்ந்து பாடிக் காட்டினாள். இப்போது சரியாக இருக்கிறது என்று அவள் சொல்லும்வரை, பல்கீஸ் அவள் பின்னாலேயே பாடினாள்.