மடங்கிய அட்டை

முதல் அடி அருள்நாயகத்தின் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை, காலை பதினொரு மணி. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில், வரிசை வீடுகளில் ஒன்றான அவருடைய ரவுன்ஹவுஸின் வாசலில் முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. பழைய பேஸ்போல் அட்டை ஒன்றைப் பார்க்க வருவதாகச் சொன்ன ஆள்தான் மணியடிக்கிறான் என்று நினைத்துக் கதவைத் திறந்தார். இரண்டு பேர் நின்றார்கள். இருவருடைய முகத்திலும் கண்கள் மட்டும் தெரியும் கம்பளி மூடி. அந்தக் குளிரில் தெருவில் போகிற பாதிப் பேர் அப்படித்தான் மூடியிருப்பார்கள். அவர் சந்தேகப்படவில்லை. விலகி வழிவிட்டார். பின்னால் வந்தவன் கதவைச் சாத்தினான், ஜக்கெற்றுக்குள் இருந்து இரும்புக் கம்பியை எடுத்தான், ஒரு வார்த்தையும் பேசாமல் அடித்தான்.

இரண்டாவது அடி விலாவில். மூன்றாவது முழங்காலுக்குக் கீழே. அருள்நாயகம் சப்பாத்துகள் அடுக்கியிருந்த இடத்தில் விழுந்தார். வாயில் இரத்தம் கரித்தது.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. கட்டடங்களில் ஹீற்றரும் ஏசியும் திருத்துகிற வேலை. இருபது வருடமாகப் பழைய பேஸ்போல் அட்டைகள் சேர்த்துவந்தார். ஒரு காலத்தில் சூயிங்கம் பைக்கற்றுகளுக்குள் வைத்து விற்ற, விளையாட்டு வீரர்களின் படம் போட்ட அட்டைகள் அவை. ரொறன்ரோவில் அவற்றைச் சேர்க்கும் இருநூறு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். எது அசல், எது போலி என்று சந்தேகம் வந்தால் எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள்.

அவரிடம் சில விதிகள் இருந்தன. கதையை வாங்காதே, அட்டையை வாங்கு. மூலையைப் பார்க்குமுன் விளிம்பைப் பார். எழுபது வருடத்து அட்டையின் விளிம்பு நேற்று வெட்டியதுபோல் பளிச்சென்று இருந்தால், அது நேற்று வெட்டியதுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது எழுத்துகள் புள்ளி புள்ளியாக உடைந்தால் அது போலி. யாரையும் வீட்டுக்குக் கூப்பிடாதே. பொலிஸ் நிலையத்துக் கார்த் தரிப்பிடத்தில் சந்தி.

அந்தக் கடைசி விதியை அன்றைக்கு அவரே மீறினார். இரண்டு நாளுக்கு முன் ஐஸில் சறுக்கி விழுந்து இடுப்புப் பிடித்திருந்தது. கார் ஓட்ட முடியவில்லை. அட்டை பார்க்க வருகிறவனுக்கு வீட்டு விலாசத்தை அனுப்பிவிட்டார்.

"இஞ்சேருங்கோ, என்ன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டு அவருடைய மனைவி மயூரி குசினியில் இருந்து எட்டிப் பார்த்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். பின்னேர வேலைக்குப் போகுமுன் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டிருந்தாள். மற்றவன், தாடி வைத்த பருத்தவன், இரண்டே எட்டில் அவளிடம் போய்த் தலைமயிரைப் பிடித்து இழுத்து, கழுத்தில் கத்தியை வைத்தான். முகமூடிக்குக் கீழே அவனுடைய தாடி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

"ஐம்பத்தைந்தாம் ஆண்டு அட்டை எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

கம்பியோடு நின்றவன் இன்னும் பேசவில்லை. அருள்நாயகத்தைக் கொலரில் பிடித்து ஹோலுக்குள் இழுத்துக்கொண்டு போனான். இடுப்பு தரையில் உரசிய ஒவ்வொரு அங்குலத்துக்கும் அவர் அலறினார்.

"குடுங்கோ, எல்லாத்தையும் குடுத்துவிடுங்கோ!" மயூரி கத்தினாள். கத்தியின் நுனி பட்டு அவளுடைய கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

ரீவிக்குக் கீழே இருந்த இரும்புப் பெட்டியை அருள்நாயகம் இடது கையால் திறந்தார். அவர்கள் கேட்ட அட்டை மேலேயே இருந்தது. புவெர்ட்டோ றிக்கோவில் இருந்து வந்து பிற்ஸ்பர்க் அணிக்கு ஆடிய ஒரு வீரரின் முதல் வருடத்து அட்டை. நிலநடுக்கத்தில் அடிபட்ட சனங்களுக்கு உதவிப் பொருட்கள் கொண்டுபோகையில் விமானம் கடலில் விழுந்து இறந்துபோனவர் அந்த வீரர். அருள்நாயகம் விற்கவே விரும்பாத அட்டை அது ஒன்றுதான்.

பேசாதவன் கம்பியைக் கக்கத்தில் இடுக்கினான். வலது கையுறையை இழுத்துக் கழற்றினான். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்து அட்டையை உருவி, இரண்டு விரல் நுனிகளால் விளிம்பை மட்டும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

வலியில் கண் இருண்டுகொண்டு வந்த அந்த நேரத்திலும் அருள்நாயகத்துக்கு அது பிடிபட்டது. களவெடுக்க வந்தவன் கையுறையைக் கழற்றமாட்டான். இவன் அட்டை சேர்க்கிறவன்.

"மனுசி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்" என்றான் தாடிக்காரன். "இவளை என்ன செய்ய?"

பேசாதவன் அட்டையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. தோளை மட்டும் குலுக்கினான்.

அந்தக் குலுக்கல் அருள்நாயகத்தின் நெஞ்சில் நெருப்பாக ஏறியது. முழங்காலில் எழும்பி, இடது கையால் அட்டையைப் பறித்தார். கட்டைவிரலை நடுவில் வைத்து மடக்கத் தொடங்கினார்.

"மடக்காதை! மடக்காதையடா, அருள்!"

வீடு முழுக்கக் கேட்டது அந்தக் குரல். அருள்நாயகத்தின் கையை உடைத்தபோது வராத சத்தம், மயூரியின் கழுத்தில் இரத்தம் வந்தபோது வராத சத்தம், இப்போது வந்தது. தமிழில் வந்தது. எட்டு வருடமாக அந்த வீட்டுக்கு வந்து சாப்பிட்ட நண்பனின் குரல்.

"றொனால்ட், நீயோ?" என்றாள் மயூரி.

தாடிக்காரனுக்கு என்ன நடக்கிறதென்று விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தான். கத்தி கழுத்தில் இருந்து நாலு விரல் விலகியது. அவளுக்கு அது போதும். குசினி வாசலோரத்து அடுப்பு மேடையில் கொதித்துக்கொண்டிருந்த கேத்திலைப் பிடித்து அவனுடைய முகத்தில் அப்படியே ஊற்றினாள். கம்பளி தண்ணீரைக் குடித்துத் தோலோடு ஒட்டிக்கொண்டது. அவன் மிருகம்போல் ஊளையிட்டு, சுவரில் மோதி, கதவைத் திறந்து பனிக்குள் ஓடினான். முகமூடியைப் பிய்த்தெறிந்து, முகத்தைப் பனியில் புதைத்தபடி அவன் கிடந்ததைப் பிறகு இரண்டு தெரு தள்ளிப் பொலிஸ் கண்டது.

அருள்நாயகம் அட்டையை மடக்கிவிட்டார். நடுவில் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. றொனால்ட் கம்பியைப் போட்டுவிட்டு அதைப் பறித்து, தரையில் வைத்து, இரண்டு பெருவிரல்களாலும் நீவத் தொடங்கினான்.

மயூரி கம்பியை எடுத்தாள். அவனுடைய முழங்காலில் ஓங்கி அடித்தாள். அவன் சரிந்தான். மற்ற முழங்காலிலும் அடித்தாள். மூன்றாவது முறை ஓங்கியபோது கம்பி அவனுடைய தலைக்கு மேலே நின்றது.

"மயூரி, காணும். காணும், விடு" என்றார் அருள்நாயகம்.

"காணுமோ? உவன் என்னைக் கொல்லட்டாம் எண்டு தோளைக் குலுக்கினவன்!"

"காணும். பொலிசுக்குப் போன் அடி."

அவள் கம்பியைக் கீழே போடவில்லை. ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டே மற்றக் கையால் 911 அழுத்தினாள்.

பொலிஸ் வர ஒன்பது நிமிடம் எடுத்தது. அதுவரை அருள்நாயகமும் றொனால்டும் எழும்ப முடியாமல் ஹோல் தரையில் கிடந்தார்கள். றொனால்ட் முகமூடியைக் கழற்றியிருந்தான். ஐம்பது வயது முகம் வியர்வையில் நனைந்து கிடந்தது.

"ஏனடா?" என்றார் அருள்நாயகம்.

"ஏனெண்டு உனக்குத் தெரியாதோ? இருநூறு பேருக்கு முன்னாலை என்னைக் கள்ளன் எண்டு எழுதினாய்."

போன நவம்பரில் றொனால்ட் ஒரு அட்டையைக் குழுவில் விற்கப் போட்டிருந்தான். விளிம்பு மிகவும் சுத்தமாக இருந்தது. அருள்நாயகம் அதை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் அளந்து பார்த்தார். அகலம் ஒரு நூல் குறைவு. தேய்ந்த மூலைகளைக் கூராக்க யாரோ ஓரத்தைச் சீவியிருந்தார்கள். அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்துக் குழுவில் போட்டு, "வெட்டின அட்டை. விக்கிறவரை நம்பவேண்டாம்" என்று ஆங்கிலத்தில் எழுதினார். அன்று பின்னேரமே றொனால்டைக் குழுவில் இருந்து நீக்கினார்கள். அட்டைச் சந்தைகளில் யாரும் அவனுக்கு மேசை கொடுக்கவில்லை. அவன் வேலை செய்த பேக்கரி வரைக்கும் அந்தப் படம் போனது.

"அட்டை வெட்டினதுதானே" என்றார் அருள்நாயகம்.

"வெட்டினதுதான். நான் வெட்டேல்லை. எனக்குத் தெரியாதடா. நானும் ஏமாந்துதான் வாங்கினனான். ஏன் போனிலை ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

அருள்நாயகம் வாயில் ஊறிய இரத்தத்தை விழுங்கினார். பிறகு கேட்டார்: "யாரிட்டை வாங்கினனீ?"

றொனால்ட் சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. "இப்பதான் கேக்கிறாய்."

மணிக்கட்டில் மூன்று உலோகத் தகடுகள் வைத்தார்கள். விலாவில் இரண்டு எலும்பு விரிசல். ஐந்து மாதம் அருள்நாயகம் வேலைக்குப் போகவில்லை. போனபோது ஸ்குறூ டிறைவரை இடது கையால் பிடிக்கப் பழகவேண்டியிருந்தது. றொனால்ட் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஐந்து வருடம் கிடைத்தது. தாடிக்காரனுக்கு ஆறு, அவனுடைய ஒரு கண் பார்வை திரும்பவில்லை.

தீர்ப்பு வந்த கிழமை அருள்நாயகம் குசினி மேசையில் இருந்து குழுவுக்கு ஒரு செய்தி எழுதினார். ஒரு கையால் எழுதியதால் அரை நாள் எடுத்தது. அட்டையைப் பற்றி நவம்பரில் தான் சொன்னது சரி என்றும், ஆளைப் பற்றிச் சொன்னது விசாரிக்காமல் சொன்னது என்றும் எழுதினார். "விளிம்பை அளக்கக் கால் மணி நேரம் எடுத்த நான், எட்டு வருட நண்பனைக் கேட்க ஒரு நிமிடம் எடுக்கவில்லை. சந்தேகம் வந்தால் முதலில் விற்றவரைத் தனியாகக் கேளுங்கள். அதற்காக அவன் என் வீட்டில் செய்தது குறைந்துபோகாது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்."

அனுப்புமுன் மயூரிக்கு வாசித்துக் காட்டினார். அவள் வேலைக்குப் போகச் சீருடை போட்டு நின்றாள். கழுத்துத் தழும்பு தெரியாமலிருக்கக் கொலரை உயர்த்திப் பொத்தான் பூட்டினாள்.

"நீங்கள் கேக்கிற மன்னிப்பு உங்கடை. கேளுங்கோ, நான் மறிக்கேல்லை" என்றாள். "என்னையும் அதுக்குள்ளை சேர்க்கவேண்டாம். அவன்ரை தோள் குலுங்கினதை நான் பார்த்தனான்."

"சேர்க்கேல்லை" என்றார் அவர்.

அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவர் எழுந்து கதவின் இரண்டு பூட்டுகளையும் போட்டார். பிறகு வந்து உட்கார்ந்து, செய்தியை இன்னொரு முறை வாசித்து, அனுப்பினார்.