எட்டு மாடிக்கு ஒரு வரி

பீளமேட்டில் இருக்கும் அந்த அலுவலகத்தில் மாடிக்கு ஒரு பதிப்பு. லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் அடிப்படை நூலகத்தை, அதாவது மற்ற நிரல்களெல்லாம் நம்பி நிற்கும் நிரலை, அங்கே பராமரிக்கிறார்கள். எட்டாம் மாடியில் இந்த வருடம் நடக்கிறது. இறங்க இறங்க வருடமும் இறங்கும். தரைத்தளத்தில் எல்லாமே இருபது வருடம் பின்னால்தான். மேலே சரிசெய்த பிழையைக் கீழேயுள்ள பழைய பதிப்புகளிலும் சரிசெய்வதற்கு பேக்போர்ட் என்று பெயர். திருத்தம் மட்டும்தான் கீழே போகலாம், புது வசதியோ நடப்பதை மாற்றும் எதுவுமோ போகக்கூடாது என்பது விதி. லிஃப்ட் கிடையாது. சென்னியப்பன் நடந்துதான் கொண்டுபோவார்.

அன்றைக்கும் ஒரே ஒரு வரி. நினைவகத்தில் ஒரே இடத்தை இரண்டு தடவை காலிசெய்கிற பிழைக்கான திருத்தம். வரி இலேசுதான், முழங்கால்தான் சொன்னபேச்சு கேட்கவில்லை. வரியிலிருந்த ‘நீளம்’ என்ற பெயர் ஆறாம் மாடியில் இன்னும் வந்திருக்கவில்லை. ‘அளவு’ என்றுதான் வைத்திருந்தார்கள். படியில் உட்கார்ந்து அழித்து மாற்றி எழுதினார். மூன்றாம் மாடியில் அதுவும் இல்லை. மறுபடி உட்கார்ந்தார். எழுந்திருப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தரைத்தளத்தில் இருப்பவரும் அவர்தான், இருபத்தெட்டு வயதில். இந்தப் படிவேலைக்கான ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்துப் போடும் நாள் அது. அதனால் சென்னியப்பன் சட்டைப்பையில் ஒரு சீட்டும் வைத்திருந்தார்: ‘ஒத்துக்கொள்ளாதே.’

கடைசிப் படியில் காவலாளி மாரப்பன் நிறுத்தினார்.

“புது வசதி ஏதாச்சும் கொண்டு போறீங்களாண்ணா?”

“திருத்தம் மட்டுந்தானுங்க.”

மாரப்பன் சீட்டை உருவியதில் பையின் தையல் விட்டுப்போனது. படித்தார்.

“இது திருத்தமில்லீங்ண்ணா. நடக்கறதே மாறிப்போகுமுங்க. அவரு ஒத்துக்கலீன்னா, இந்த வரிய இன்னைக்கு யாருங்க கொண்டாந்திருப்பாங்க?”

நியாயமான கேள்விதான். சென்னியப்பனுக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போனார்.

இளையவர் வரியை வாங்கிச் சேர்த்து, ஓட்டிப் பார்த்தார். பிழை போயிருந்தது. படிவம் மேசைமேல் கிடந்தது.

“படி ரொம்பச் சிரமமுங்களாண்ணா?”

வாயால் சொல்வதற்கும் அதே விதிதான். மாரப்பன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பழகிப்போகும், தம்பி,” என்றார் சென்னியப்பன்.

இளையவர் கையெழுத்துப் போட்டார்.

மறுபடி எட்டு மாடி ஏறி, தன் நாற்காலியில் விழுந்தபோது, மேசையில் ஒரு படிவம் இருந்தது. இதே வேலை, இன்னும் இருபது வருடத்துக்கு. அப்போது மொட்டைமாடிக் கதவு திறந்தது. அதற்கு மேல் மாடிகள் இன்னும் கட்டப்படவில்லை. கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர், ஒரே ஒரு வரியுடன் அங்கிருந்து இறங்கி வந்தார். அவருடைய சட்டைப்பையிலும் தையல் விட்டிருந்தது.

சென்னியப்பன் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

“படி ரொம்பச் சிரமமுங்களாண்ணா?”

பெரியவர் கதவுப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“பழகிப்போகும், தம்பி.”

சென்னியப்பன் பேனாவைத் தேடினார்.