ரொபேர் உட்காரக்கூடிய கார்

ஆறு வருடம் பாடுபட்டுத் தயாளினி கட்டிய காரில் அவள் கணவர் ரொபேரால் அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை.

1932ஆம் ஆண்டு ஃபோர்ட் ஒன்றின் கூட்டை வைத்து அவள் செய்த ஹாட் ராட் அது. கூரையைத் தாழ்த்தி, முன்சக்கர மூடிகளைக் கழற்றி, பெரிய எஞ்சின் பூட்டி, அந்தக் காலத்து அமெரிக்க இளைஞர்கள் ஓட்டிய மாதிரியே அமைத்த இருவர் வண்டி. பிரெஞ்சுத் தலைநகருக்கு வெளியே, ஆர்ஜொந்தெயில் வீட்டோடு ஒட்டிய கராஜில் அது உருவானது. தயாளினி பஸ் டிப்போ ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக். வெல்டிங், பிரேக், வயரிங் எல்லாம் அவள் கைவேலை. இருக்கைக்குத் தோல் தைத்தது மட்டும் ரொபேர். புதுச்சேரிக்காரர், தபால் இலாகாவில் இருந்தவர், முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு வேலையை விட்டுவிட்டார்.

பங்குனியில் முதன்முறையாக இருவரும் அதில் தலைநகரின் தமிழ்க் கடைவீதியான லா ஷப்பலுக்குப் புறப்பட்டார்கள். வழியில், சென்-துனியில் ஒரு வேகத்தடை. எவ்வளவோ மெதுவாகத்தான் ஏற்றினாள். இறங்கும்போது பின்பக்கம் "டங்" என்று இடித்தது. அடுத்த தடையிலும் அப்படியே. ரொபேரின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து ஓரமாக நிறுத்தினாள்.

"நாரி நோகுதோ?" என்று அவர் இடுப்பில் கை வைத்தாள்.

"ஒண்ணும் இல்ல தயா. நீ ஓட்டிக்கினு போ. நான் ரயில்ல வந்துடறேன்."

கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி நிலையத்தை நோக்கி நடந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

கார்ச் சங்கத்து நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பின்பக்கத்தில் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கும், இன்னும் இறுக்கமானது போடு என்றார்கள் பெரும்பாலானோர். வண்டியில் இருந்த சிவப்பு ஷாக் அப்சார்பர்களைத் தேர்ந்தெடுத்தது தயாளினியேதான். சக்கரங்களின் சிவப்போடு பொருந்துகிறதே என்று, அளவைக்கூடச் சரியாகப் பார்க்காமல் பூட்டியிருந்தாள். டிப்போவில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

சனிக்கிழமை காலை லா ஷப்பலின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் சாமான் வாங்கப் போனவள் இருபது கிலோ அரிசி மூட்டை மூன்றோடு வந்தாள்.

"யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார் ரொபேர்.

"இது சமைக்க இல்லை. ஓட்டுற ஆளின்ரை பாரத்துக்கு. நீங்கள் உங்கடை இடத்திலை ஏறி இருங்கோ. நான் கீழை படுத்து அளக்கவேணும்."

"உன் எடைக்கு மூணு மூட்டை போதுமா?"

"ஆடாமல் இருங்கோ!"

வண்டிக்கு அடியில் படுத்து, ஷாக் அப்சார்பரைப் பூட்டும் மேல் ஆணிக்கும் கீழ் ஆணிக்கும் நடுவே அளந்தாள். இருவரின் எடையும் ஏறிய நிலையில் முப்பத்துமூன்று சென்டிமீட்டர். சிவப்பு ஷாக் அப்சார்பரைக் கழற்றி மேசையில் வைத்து முழுப் பலத்தோடு அமுக்கினாள். முப்பத்தொன்றுக்குக் கீழே அது சுருங்கவில்லை. அப்படியென்றால் பள்ளம் மேட்டில் பின்னச்சு மேலெழும்ப வெறும் இரண்டு சென்டிமீட்டர்தான் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு இரும்போடு இரும்பு. போதாதற்கு அது பாரம் ஏற்றும் வேன் ஒன்றுக்கானது; இந்த வண்டியின் பின்பக்கமோ இறகு போல லேசு.

"விளங்கீற்றுது," என்று கத்திக்கொண்டு வெளியே வந்தாள். "பிழை என்ரைதான். ஆனால் திருத்தலாம்."

செவ்வாய்க்கிழமை உதிரிப்பாகக் கடைக்குப் போனாள். எரிக் என்ற இளைஞன் கணினி முன்னால் நின்றான்.

"வண்டி இலக்கம் சொல்லுங்கள், மதாம்."

"இலக்கத்தை வைத்துத் தேடினால் கிடைக்காது. இது நான் கட்டிய வண்டி."

"உங்கள் மெக்கானிக் வந்து பேசினால் சுலபமாக இருக்கும்."

"வந்து நிற்கிறேனே," என்றாள் தயாளினி பிரெஞ்சில், அமைதியாக. "சுருங்கினால் இருபத்தாறு, நீண்டால் நாற்பத்தொன்று. இரண்டு பக்கமும் வளைய முனை. எடை குறைந்த வண்டிக்கானது. அளவுப் பட்டியல் புத்தகம் இருக்கிறதா?"

எரிக் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பின் உள்ளே போய்த் தூசி படிந்த தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்தான். இருவரும் தலையைக் குனிந்து பக்கம் பக்கமாகத் தேடினார்கள். முக்கால் மணி நேரத்தில் இரண்டு அகப்பட்டன. ஒன்று வாயு அடைத்தது, கண்ணாடி போலப் பளபளத்தது. மற்றது வெறும் எண்ணெய் ஷாக் அப்சார்பர், கறுப்பு. பழைய சின்னக் கார் ஒன்றின் பின்பக்கத்துக்கு உரியது.

"இந்தப் பளபளப்பானதை எல்லோரும் விரும்புவார்கள்," என்றான் எரிக்.

அவள் கையும் அதை நோக்கிப் போனது. சிவப்புச் சக்கரத்துக்குப் பின்னால் அது எப்படி மின்னும் என்பதை ஒரு கணம் கண்டாள். பிறகு அளவைப் படித்தாள். சுருங்கினால் இருபத்தொன்பது; மூன்று சென்டிமீட்டர் அதிகம்.

"கறுப்பைத் தாருங்கள்."

எரிக் சிரித்தான். "உங்கள் வண்டியை ஒருநாள் பார்க்கலாமா, மதாம்?" இந்த முறை அவன் குரலில் மரியாதை இருந்தது. தயாளினி தலையசைத்தாள்.

அடுத்த ஞாயிறு காலை ரொபேர் தானாகவே ஏறி உட்கார்ந்தார். ஆனாலும் கதவுப் பிடியை விடவில்லை. சென்-துனியின் முதல் வேகத்தடை வந்தது. பின்பக்கம் எழுந்தது, தணிந்தது, அவ்வளவுதான். இரண்டாவது தடையில் அவர் கை பிடியை விட்டது. லா ஷப்பலுக்குக் கிட்ட, தெருவைத் தோண்டி அரைகுறையாக மூடியிருந்த இடத்தில் தயாளினி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். ரொபேரோ ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தார்.

ரூ பிலிப்-து-ஜிராரில் நிறுத்தியதும் ஆட்கள் கூடிவிட்டார்கள். சேலைக் கடைக்காரி ஹரிப்பிரியா வாசலுக்கே வந்துவிட்டாள். காய்கறிப் பையோடு நின்ற ஒருவர் ரொபேரிடம் கேட்டார்:

"அண்ணை, சோக்கான கார். உங்கடையோ? ஆர் செய்தது?"

"எம் பொண்டாட்டி," என்றார் ரொபேர். "ஒவ்வொரு ஆணியும் அவ போட்டது. எனக்கு முதுகுல ஆபரேசன் ஆயிருக்கு, ஆர்ஜொந்தெய்லேர்ந்து இதுலதான் வந்தேன். பாருங்க, நேரா நிக்கிறேன்."

எல்லோரும் தயாளினியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வெட்கப்படவில்லை. முதுகை நிமிர்த்தி நின்றாள்.

"கறுப்பாய் இருக்கே, அந்தப் பின் அமோர்த்திசர்," என்றாள், சக்கரத்துக்குப் பின்னால் இருந்த ஷாக் அப்சார்பரைக் கைகாட்டி. "குனிஞ்சு பாருங்கோ. அதுதான் இந்தக் காரிலை நான் ஆகத் திறமாய்ச் செய்த வேலை."

நான்கைந்து பேர் உண்மையிலேயே குனிந்து பார்த்தார்கள்.

திரும்ப ஏறியதும் அவள் சாவியைத் திருகினாள். "வீட்டை போவமோ?"

"வீட்டுக்கா?" ரொபேர் இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "சார்செல்லுக்கு விடு. அங்க எந் தங்கச்சி ரோசாலி பாக்கட்டும், நீ என்ன செஞ்சிருக்கேன்னு."