நான்காவது தடவை அனுப்பியது

பிணவறையில் அண்ணனின் இடது கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியவில்லை. முப்பது வருஷம் மூட்டை ஏற்றி இறக்கிய தோள் விறைத்துக் கிடந்தது. முழங்கையை அழுத்தப் பார்த்த தம்பி பயந்து விட்டுவிட்டான்.

"தள்ளுங்க தம்பி. உசுரோட இருந்தப்பவே வளையாத ஆளு," என்றார் கிரேன். அண்ணனோடு கிடங்கில் மூட்டை தூக்குபவர்; எலும்பும் தோலுமாக இருந்ததால் அங்கே கேலியாக வைத்த பெயர். சட்டையை முதுகுப்பக்கம் நீளமாகக் கிழித்து, முன்னாலிருந்து மாட்டி, பொத்தானைப் போட்டார்.

நேற்று மத்தியானம் எழுபது கிலோ மூட்டையைத் தனியாளாகத் தூக்கிய அண்ணன் அதன்மேலேயே சாய்ந்துவிட்டார். இதயம் முன்பே கெட்டிருந்தது என்றார் டாக்டர்.

"ஒண்ணு கேக்கட்டுமா தம்பி? அந்தச் செவப்பு எப்ப வரும்?"

கிடங்கின் எடைமேடையில் ஓடும் மென்பொருளைப் பராமரிப்பவன் தம்பிதான். இலவசமானது, யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். வந்து குவிவதைப் பிரித்து, சோதித்து, தேறியதைச் சேர்ப்பது அவன் பொறுப்பு. அவன் கொடுத்த பழைய லேப்டாப்பில், சாப்பாட்டு நேரத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு அண்ணனும் ஒன்று அனுப்பினார். மூட்டை ஐம்பது கிலோவைத் தாண்டினால் திரை சிவந்து, இரண்டு பேர் தூக்கச் சொல்லும். அவ்வளவுதான்.

மூன்று தடவை திருப்பி அனுப்பினான். நிரலில் ஒரு வரி உள்தள்ளாமல் நிற்கிறது, இன்னொன்றின் கடைசியில் வேண்டாத இடைவெளி. முகம் தெரியாதவர்கள் அனுப்பினால் அவனே துடைத்துச் சேர்த்துவிடுவான். ஒரு நிமிஷ வேலை. அண்ணனுக்காக வளைந்தான் என்று நாளைக்கு ஒரு வாய் பேசிவிடக்கூடாதே. 'விதிமுறைகளைப் படிக்காமல் அனுப்பி மற்றவர் நேரத்தை வீணாக்க வேண்டாம்.' யாருக்கும் எழுதாத வரியை அண்ணனுக்கு எழுதினான். நான்காவது தடவை வந்தது மூன்று வாரமாகத் திறக்காமல் கிடந்தது.

"எடைமேடையில புது வெர்ஷன் ஏத்துறப்பல்லாம் ஓடிப்போய் திரையைப் பாப்போம். 'எங்கய்யா உன் செவப்பு, வெளுத்துப்போச்சா?'ன்னு ஓட்டுவோம்," என்றார் கிரேன். "'என் தம்பி கறாரானவன்டா, சரியா இருந்தாத்தான் எடுப்பான்'னு நெஞ்ச நிமித்துவாரு."

தம்பி வெளியே வந்தான். நடைபாதை பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தன் பையிலிருந்த லேப்டாப்பை எடுத்துத் திறந்தான்.

"இப்பவுமா வேலை, தம்பி?"

"ஒரு நிமிஷம் அண்ணி."

நான்காவதில் ஓர் இடைவெளிகூட மிச்சமில்லை. ஓட்டிப் பார்த்தான். ஐம்பத்தொன்று என்று அடித்ததும் திரை சிவந்தது. சேர்த்தான்.

அண்ணியின் பைக்குள் அண்ணனின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள்.

"உங்க அண்ணனுக்கு யாரோ நன்றி சொல்லி அனுப்பியிருக்காங்க. பெரிய லெட்டரா இருக்கு."

சேர்த்தவுடன் தானாகப் போகும் கடிதம் அது. அதன் கீழே அவன் எழுதிய பழைய பதில்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும்.

"குடுங்க அண்ணி, அப்புறம் படிக்கலாம்."

"இருங்க. அவரப் பத்தி நல்லதா எழுதியிருக்கு."

அண்ணியின் கட்டைவிரல் திரையை மெதுவாக மேலே தள்ளிக்கொண்டிருந்தது.