ஆளுக்குப் பதினைந்து கிலோ

ஒளிப்படக் கழகத்தில் உறுப்பினர்கள் பதினொரு பேர். அதில் துணைத்தலைவர்கள் மட்டும் ஆறு. அந்த ஆறு பேரில் ஒருவர் ஆப்பிரிக்காவுக்கே போகிறார் என்றதும் கழகம் வழியனுப்பு விழா எடுத்தது. "நான் சிங்கத்தைப் பார்க்கப் போகவில்லை, சிங்கம்தான் என்னைப் பார்க்கக் காத்திருக்கிறது" என்று அவர் மேடையில் முழங்கினார். அதுவரை அவர் படம் எடுத்ததில் ஆகப் பெரிய விலங்கு எதிர்வீட்டு நாய். அதுவும் தூங்கிக்கொண்டிருந்தபோது.

காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு லென்ஸ் சார் என்று பெயர். பயணச்சீட்டு கைக்கு வந்த நாளிலிருந்து, பதினெட்டுப் பைகள் வைத்த காக்கி மேல்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெங்காயம் வாங்கப் போனார். தொப்பியின் வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கிக்கொள்வார். காய்கறிக் கடையில் காற்று அடிப்பதில்லை. இருந்தாலும் ஒரு முன்னெச்சரிக்கை.

மனைவியையும் கூட்டிப் போகிறாராம் என்று தெருவே மூக்கில் விரலை வைத்தது. விஷயம் வேறு. காட்டுக்குள் போகிற குட்டி விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோ பெட்டிதான் அனுமதி. அவருடைய கேமராக்களும் பெரிய லென்ஸும் முக்காலியும் மட்டுமே இருபத்து மூன்று கிலோ வந்தன. தராசில் மூன்று முறை நிறுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது மனைவி எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து கிலோ கண்ணெதிரிலேயே நின்றது.

"நீயும் வர்றே" என்றார்.

"நிஜமாவா?"

"உன் துணிமணி நாலு கிலோவுக்குள்ள அடங்கணும்."

"மூணுலயே அடக்கிடுறேன்."

அடக்கினாள். உடம்பில் போட்டிருப்பதை எடை பார்க்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னதால், தன் குளிர்ச்சட்டைக்குள் எட்டுப் பைகள் தைத்து அவருடைய பேட்டரிகளையும் அதில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு நடந்து காட்டியபோது இருமல் வந்தது. "தோள நிமிர்த்து, பை வெளியில தெரியுது" என்றார் அவர்.

அவர் அறியாத ஒன்று உண்டு. இரண்டு மாதமாக அவளுக்கு ரத்தத்தில் நோய். தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டாள். உடனே வார்டில் சேர வேண்டும் என்றார் டாக்டர். பயணம் முடியும்வரை தவணை கேட்டு, அதுவரைக்கும் மாத்திரை வாங்கி வந்தாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் இருவரும் சேர்ந்து போன தூரம், ரயிலில் நாலு மணி நேரம். ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிக்கும்போது காலை அகட்டி வைத்துக் குனியுமாம். அதை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சொன்னால் பயணம் போய்விடும். அல்லது, அதைவிட மோசமாக, அவர் மட்டும் போய்விடுவார்.

அந்த நாட்டுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட அட்டை வேண்டும். தடுப்பூசி நிலையத்தில் இரண்டு படிவங்களையும் அவரே நிரப்பினார். முப்பது வருஷமாகக் காப்பீட்டுப் படிவங்களில் ஊரார் உடம்பையெல்லாம் தன் பேனாவால் ஆரோக்கியமாக வைத்திருந்த கை அது. கேள்வியைப் படிக்காமலே "இல்லை, இல்லை, இல்லை" என்று மேலிருந்து கீழே இறங்கும். மனைவி எட்டிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சிறுத்தையின் வேகத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார். படிவத்தைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"அவரோடது."

"அப்போ உங்க வாயால சொல்லுங்க. ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றார் லென்ஸ் சார். "தலைவலின்னுகூட ஒரு நாள் படுத்ததில்ல."

"ஊசி உங்க வாய்க்கா சார் போடப் போறேன்? கொஞ்சம் சும்மா இருங்க." நர்ஸ் அவள் பக்கம் திரும்பினார். "இது உயிரோட இருக்கிற கிருமிம்மா. வலுவக் குறைச்சு வச்சிருக்கோம், அவ்வளவுதான். எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்புல போட்டா ஊசியே ஆளை முடிச்சிடும். அதான் கேக்குறேன்."

அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு மடிப்பைப் பிரித்துக் கீழே இழுத்துவிட்டு, கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

நர்ஸ் அட்டையைத் திருப்பிப் படித்தார். குரல் இறங்கிவிட்டது. "எப்போலேர்ந்து?"

"ரெண்டு மாசம்."

"வீட்ல தெரியுமா?"

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். நர்ஸ் படிவத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "உங்களுக்கு இந்த ஊசி கிடையாதும்மா. இந்த நிலைமையில நீங்க எங்கயும் போகக் கூடாது. நேரா உங்க டாக்டர்கிட்டப் போங்க."

லென்ஸ் சார் அட்டையைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"அப்போ அந்தப் பதினஞ்சு கிலோ?" என்றார்.

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அவர் முகம் வெளுத்தது. திருப்பி விழுங்கப் பார்ப்பவர் போல வாயை மூடித் திறந்தார்.

"அடுத்து நீங்க. கைய நீட்டுங்க சார்" என்றார் நர்ஸ். முப்பது வருஷம் அலுவலகத்தில், சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. நீட்டினார். ஊசி இறங்கியது. மஞ்சள் அட்டையில் முத்திரை விழுந்தது. இனி வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்று நர்ஸ் சொன்னார்.

பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் வரை அவர் பேசவில்லை. அப்படி ஒரு பயணத்தை அவள் பார்த்ததே இல்லை.

"ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் தினமும் வந்து நிப்பேன். நீங்க பேசிட்டிருப்பீங்க. முடிக்கட்டும்னு இருந்தேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

சொன்னாள். இன்னும் எத்தனை மாதம் என்பதையும் சொன்னாள், வீட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில். நடுவில் இரண்டு முறை இருமல் வந்தது. அவர் குறுக்கே பேசவில்லை.

நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. யாரோ ஒருவருடைய பை இடித்ததில் அவர் தோளைச் சுருக்கிக்கொண்டார்.

"ஊசி போட்ட கை வலிக்குதா?" என்றாள்.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். ஆட்டிய தலையைக் குனிந்துகொண்டார்; காக்கி மேல்சட்டை குலுங்கியது.

"இந்தப் பக்கம் வாங்க" என்று எழுந்து, அவரை ஜன்னலோரம் தள்ளி உட்காரவைத்துவிட்டு, கூட்டம் இடிக்கிற பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள்.