இடது காலுறை

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா. மரக்கடை வைத்திருக்கும் கால்பந்துக் கழகத் தலைவர். மடியில் கோப்புடன் கழகச் செயலாளர். பதினைந்து ஆண்டுகளாக அந்தக் கழகத்தின் தடுப்பாட்டக்காரனாக இருந்த மகன். பந்தை விடாமல் மறித்து நிற்பான் என்பதால் அவனை எல்லோரும் 'சுவர்' என்றே கூப்பிட்டார்கள். ஐந்தாவதாக ஒருத்தி பின்னறையில் இருந்தாள். அவளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அவள் சுவரின் அக்கா. தேநீர் போட்டது அவள்தான். ஆனால் தட்டைக் கதவருகே வாங்கி வந்து வைத்தவர் அப்பா. கணவனை இழந்தவள் நல்ல காரியம் பேசும் இடத்தில் முன்னால் வரக்கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். அவள் ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்து ஏழு வருஷம் ஆகியும் சட்டம் தளரவில்லை. அப்பாவும் மனைவியை இழந்தவர்தான். அதற்கு நான்கு வருஷம் ஆகிறது. அவரை யாரும் உள்ளே போகச் சொன்னதில்லை. அன்றைக்கும் நடு நாற்காலியில் அவர்தான் இருந்தார்.

மேசைமேல் நியமனக் கடிதம் கிடந்தது. வரும் பருவத்திலிருந்து சுவர்தான் கழகத்தின் மேலாளர். சந்தோஷம் வரும் வரும் என்று அவன் காலையிலிருந்து காத்திருந்தான். வந்தது முழங்கால் வலி மட்டும்தான். பதினைந்து வருஷமும் மூன்றாம் பிரிவு. விடியற்காலையில் பார்சல் கிடங்கில் மூட்டை ஏற்றுவான், மாலையில் பயிற்சி. வெளியூர் ஆட்டமென்றால் ஆடிய அலுப்போடு பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்புவான். இரண்டு தடவை முழங்காலில் நீர் எடுத்தார்கள். போன பருவத்தில் பயிற்சியாளர் நோயில் விழுந்தபோது கடைசி ஆறு ஆட்டங்களை இவன் கையில் கொடுத்தார்கள். கழகம் நான்காம் பிரிவுக்கு இறங்காமல் தப்பியது. யாருக்குக் கால் தளர்கிறது, யார் வலியை மறைக்கிறான் என்று அவன் முன்கூட்டியே கண்டுபிடித்ததுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். அதற்கு முன்பும் பல வருஷமாக இதையெல்லாம் பயிற்சியாளரிடம் போய்ச் சொல்பவன் அவன்தான்.

அப்பா தொண்டையைச் செருமினார். தான் முன்பே சொல்லியிருந்ததைக் கடிதத்தில் சேர்த்தாயிற்றா என்று கேட்டார். ஆட்டக்காரர்களின் உடுப்புகள் இனி சலவைக் கடைக்குப் போகும், இந்த வீட்டுக்கு வராது என்று செயலாளர் படித்துக் காட்டினார்.

"மேனேஜர் வீட்டுல ஊரார் துணியத் துவைச்சா நல்லா இருக்காது," என்றார் அப்பா. "இத்தனை நாளும் உள்ளேயே காயப்போடச் சொல்லித்தான் விட்டேன். தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது."

தெருவில் எல்லோருக்கும் தெரியும். காற்றுப் புகாத பின்னறையில் ஏழு வருஷமாகப் பனியனும் காலுறையும் காய்ந்து, வீடே உடை மாற்றும் அறைபோல நாறியது. கழகம் கொடுத்த சொற்பச் சம்பளமும் அந்தச் சலவை வேலையும்தான் அக்காவுக்கு இருந்தவை. இனி அதுவும் இல்லை. பின்னறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதைச் சுவர் கவனித்தான்.

தலைவர் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். ஒன்பதாம் எண் ஆட்டக்காரனை மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிடலாம், அவனை வைத்துத்தான் அணியையே கட்டப்போகிறோம் என்றார்.

"உன் கண்ணுக்கு எப்படித் தெரியுது, சொல்லு."

சுவர் முழங்காலைத் தடவிக்கொண்டான். அந்தக் கேள்வியில் ஏழு வருஷத்துப் பொய் இருந்தது. அவனே ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. பிறர் தவறாக எண்ணியதைத் திருத்தாமல் விட்டான், அவ்வளவுதான். அதைச் சுமந்து சுமந்து முழங்காலைவிட அதிகமாகக் களைத்திருந்தான்.

"அந்தக் கண்ணு என்னுது இல்ல தலைவரே," என்றான். பிறகு உள்பக்கம் பார்த்து, "அக்கா, அந்த ஒன்பதாம் நம்பர் காலுறையக் கொண்டா."

"அவ எதுக்கு இங்க?" என்றார் அப்பா.

அவள் வந்துவிட்டாள். கதவு நிலையைத் தாண்டாமல், ஈரக் கையில் ஒரு ஜோடி காலுறையோடு நின்றாள். தலைவர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வலது காலுறை முன்பாதத்துல தேஞ்சிருக்கு. ஓடுறவங்களுக்கு அப்படித்தான் தேயும்," என்றாள். "இடதுல பாருங்க, முன்பாதம் புதுசு மாதிரி இருக்கு, குதிகால் நைஞ்சு போச்சு. மூணு வாரமா அந்தத் தம்பி இடது முன்பாதத்த ஊனவே இல்ல. உள்பக்கம் கட்டுப் போட்ட பசை வேற. எத்தனை சோப்பு போட்டாலும் போகல."

தலைவர் நம்பவில்லை. அங்கிருந்தே ஒன்பதாம் எண்ணுக்குப் போன் போட்டார். அந்தப் பையன் முதலில் மழுப்பினான், பிறகு கோபப்பட்டான், கடைசியில் அழுதான். ஒப்பந்தம் கை நழுவிவிடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லையாம். போனை வைத்த தலைவர் கசப்பாகச் சிரித்தார்.

"அப்ப யாருய்யா மேனேஜர், நீயா, உங்க அக்காவா?"

"அதத்தான் நானும் ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

கடிதத்தில் சலவைக் கடையை எடுத்துவிட்டு அக்காவைக் கழகத்தின் உடுப்புப் பொறுப்பாளராகச் சேர்க்க வேண்டும், ஆட்ட நாளில் அவளுக்கும் பெஞ்சில் இடம் வேண்டும், இல்லையென்றால் தான் கையெழுத்துப் போடப்போவதில்லை என்றான் சுவர். குரலை உயர்த்தவில்லை. கிடங்கில் மூட்டையை இறக்கி வைப்பவன்போலச் சொன்னான்.

"ஊரு என்ன பேசும்?" என்றார் தலைவர். "புருஷன் இல்லாத பொண்ணு, ஆம்பளைங்க உடுப்பு மாத்துற இடத்துல..."

"அந்த ஆம்பளைங்க வேர்வைய ஏழு வருஷமா நான்தான் பிழியறேன்," என்றாள் அவள். "அதுக்கு ஊரு ஒண்ணும் பேசலியே."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் முகம் கல்லாக இருந்தது. மகளைப் பார்க்காமலே கேட்டார்: "கோச்சுக்கிட்ட இவன் போய்ச் சொன்னதெல்லாம் நீ சொன்னதா?"

"எல்லாம் இல்லப்பா. பாதிக்கு மேல."

அப்பா செயலாளரிடம் கடிதத்தின் முதல் வரியைப் படிக்கச் சொன்னார். 'ஆட்டக்காரர்களைக் கணிப்பதில் இவருக்குள்ள தனித்திறனைப் பாராட்டி' என்று செயலாளர் தயங்கித் தயங்கிப் படித்தார்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"ஒருத்தர் சொத்த இன்னொருத்தர் பேருல நான் எழுதினதில்ல. எத்தனையோ பேரு கேட்டும் எழுதினதில்ல. கடைசியில என் வீட்டுக்குள்ளயே அது நடந்திருக்கு." கொஞ்சம் மூச்சு விட்டு, "சேர்த்து எழுதுங்க," என்றார்.

செயலாளர் அவள் பெயரைக் கையால் எழுதினார். வழக்கப்படி அதன் பக்கத்தில் 'காலஞ்சென்ற இன்னாரின் விதவை' என்றும் எழுதினார். அப்பா தாளை வாங்கி, பழைய பத்திரத்தைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு சொல்லின்மேலும் விரல் வைத்துப் படித்தார். அந்த இடத்தில் விரல் நின்றது.

"இத அடிச்சிருங்க. பேரு போதும். அவ வேலைக்கு வர்றா, துக்கத்துக்கு வரல."

பிறகு, பழைய அதட்டல் குரலில், "வாசல்ல என்ன நின்னுக்கிட்டு? உள்ள வந்து கையெழுத்துப் போடு," என்றார்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிலையைத் தாண்டினாள். அவள் போட்ட பிறகு சுவர் போட்டான். முழங்கால் அப்போதும் வலித்தது.

மறுநாள் மொட்டைமாடியில், தெருவுக்கு நேராக, பதினெட்டுப் பனியன்கள் எண் தெரியக் காய்ந்தன.

மகனும் மகளும் பெரியவரை ஏமாற்றி அந்தப் பெயரைச் சேர்த்துவிட்டார்கள், அவர் அவமானம் தாங்காமல் படுக்கையில் விழுந்துவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அவர் படுக்கவில்லை. அந்தத் தாளில் அவள் பெயருக்குக் கீழே உள்ள சாட்சிக் கையெழுத்து அவருடையது.