பத்து இருபது வண்டி

காலை பத்து இருபதுக்கு என் வீட்டு வாசலில் நாற்பது பேர் சிரிப்பார்கள்.

பதினொன்று இருபதுக்கு வேறு நாற்பது பேர். ஜூனிலிருந்து அக்டோபர் வரை, ஒரு நாளைக்கு ஆறு தடவை. சிரித்து முடித்ததும் மஞ்சள் ஊதலை வாயில் வைத்து வாத்துபோலக் கத்துவார்கள். பிறகு வண்டி சரிவில் இறங்கிக் கடலுக்குள் போய்விடும்.

அது சக்கரம் வைத்த படகு. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரான பெல்லமி துறையைத் தெருவில் பாதியும் தண்ணீரில் பாதியுமாகச் சுற்றிக் காட்டுவது. ஓட்டுபவள் ரொவீனா. பள்ளியில் எனக்கு முன் பெஞ்சு. என் வாசலில் வேகத்தைக் குறைத்து மைக்கில் ஏதோ சொல்வாள். நான் என் படகுக்கு அடியில் உப்புத்தாளோடு படுத்திருப்பேன். இன்ஜின் இரைச்சலில் சொன்னது கேட்காது. சிரிப்பு மட்டும் கேட்கும்.

இந்த ஊரில் சிங்கி இறால் பிடிக்காத ஆண்கள் இரண்டு பேர். பாதிரியார், நான். நான் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். முற்றத்தில் பன்னிரண்டு வருடமாக ஒரு மரப்படகு கட்டுகிறேன். இருபத்திரண்டு அடி.

என்னதான் சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள, ஒரு செவ்வாய்க்கிழமை டிக்கெட் எடுத்தேன். கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. மருமகன் விட்டுப்போன தொப்பி. மனைவி ஹெஸ்டரிடம் உப்புத்தாள் வாங்கப் போவதாகச் சொன்னேன்.

மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம். பக்கத்தில் ஒஹாயோவிலிருந்து வந்த பெரிய உடம்புக்காரி. எனக்கும் ஒரு ஊதல் கொடுத்தார்கள்.

கலங்கரை விளக்கம், ஐஸ் தொழிற்சாலை, தேவாலயம். வளைவு வந்ததும் ரொவீனா குரலைத் தாழ்த்தினாள்.

“இப்போ இடப்பக்கம் நம்ம ஊரு நோவாவைப் பாக்கப் போறீங்க. அந்த நோவா பேழையைக் கட்டி முடிச்சாரு, மழை வந்துச்சு. இந்த நோவா எப்போ முடிப்பாருன்னு மழை பன்னெண்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கு.”

நாற்பது பேர் சிரித்தார்கள். முப்பத்தொன்பது பேர்.

“கையை ஆட்டுங்க. திரும்ப ஆட்ட மாட்டாரு. முகத்தைக்கூட…”

நிறுத்திவிட்டாள்.

முற்றத்தில் படகு நின்றது. ஏணி சாய்ந்திருந்தது. பெயின்ட் டப்பா திறந்தபடி. தூரிகை தரையில். ஆள் இல்லை.

“இரும்மா,” என்றாள் ரொவீனா, வண்டியிடமோ தன்னிடமோ. பிரேக் போட்டாள். “ஒரு நாள்கூட இப்படி இருந்ததில்ல. மன்னிச்சுக்கங்க, ஒரு நிமிஷம்.”

இறங்கி ஓடினாள். அறுபத்தாறு வயதில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை. மைக்கைக் கழற்ற மறந்திருந்தாள். அவள் மூச்சு வாங்குவது தலைக்கு மேலிருந்த நான்கு ஒலிபெருக்கிகளிலும் கேட்டது.

கதவு தட்டும் சத்தம்.

“ஹெஸ்டர், ஆல்டன் உயிரோட இருக்கானா?”

“காலையில இருந்தான். உப்புத்தாள் வாங்கப் போயிருக்கான்.”

“நல்லவேளை. படகுக்கடியில மாட்டிக்கிட்டானோன்னு பயந்துட்டேன்.”

“உப்புத்தாள் வீட்டுல ஒரு பெட்டி நிறைய கெடக்கு. எதுக்குப் போனான்னு எனக்கும் தெரியல.”

“இன்னும் எவ்வளவுதான்டி தேய்ப்பான்?”

“படகு முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு, ரொவீனா. தண்ணியில எறக்கினா ஒழுகுமோன்னு பயம். தேய்க்கிறான், பெயின்ட் அடிக்கிறான், மறுபடியும் தேய்க்கிறான். வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதே.”

“நான் ஏன் சொல்றேன்?”

வண்டியில் யாரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“பாவம்,” என்றாள் ஒஹாயோக்காரி என்னிடம். “எங்க வீட்டுக்காரர் பதினாறு வருஷமா ஒரு குளியலறை கட்டுறார். நாங்க தங்கச்சி வீட்டுலதான் குளிக்கிறோம்.”

நான் ஊதலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரொவீனா ஏறி உட்கார்ந்தாள். “ஒண்ணுமில்ல, கடைக்குப் போயிருக்காராம்,” என்றாள் மைக்கில். முப்பத்தொன்பது பேரும் ஒன்றும் தெரியாதவர்கள்போலத் தலையாட்டினார்கள்.

சரிவில் இறங்கினோம். வண்டியின் மூக்கு தண்ணீரில் மோதியது, நுரை இரண்டு பக்கமும் எழுந்தது, சக்கரங்கள் தரையை விட்டன. எல்லோரும் வாத்துபோலக் கத்தினார்கள். நான் குனிந்து தரையில் காதை வைத்தேன். அடியில் ஒரு பம்ப் ஓடியது. எட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் கடலுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

“இது ஒழுகுதா?” என்று கேட்டுவிட்டேன்.

“ஒழுகாம? எல்லாப் படகும் ஒழுகும். அதுக்குத்தான் பம்ப்.”

சொல்லிவிட்டு, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

தண்ணீரில் யாராவது ஒரு பயணியைக் கூப்பிட்டு ஓட்டவிடுவது இந்த வண்டியின் வழக்கம். சின்னப் பையன்கள் நான்கு பேர் கையைத் தூக்கியிருந்தார்கள்.

“மூணாவது வரிசை,” என்றாள். “கறுப்புக் கண்ணாடி. எந்திரிச்சு வாங்க.”

போனேன். ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்தாள். மைக்கைக் கையால் பொத்தினாள்.

“உப்புத்தாள் கெடச்சுதா?”

“மைக்கை அணைச்சுத் தொலை, ரொவீனா.”

பொத்தானைத் தேடிப் பார்த்தாள். முகம் மாறியது.

“அப்போ வாசல்ல நாங்க பேசினது…”

“எல்லாம். நல்ல ஒலிபெருக்கி.”

அணைத்தாள். நான் ஒரு மிதவையைச் சுற்றி வந்தேன். கனமாகத்தான் திரும்பியது.

“மரப்படகு முதல்ல ஒழுகத்தான் செய்யும்,” என்றாள் மெல்ல. “ரெண்டு நாள் தண்ணியில கெடந்தா பலகை ஊறித் தானா அடைச்சுக்கும். உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“பின்ன என்ன?”

“அந்த ரெண்டு நாளும் ஊரே பாக்குமே.”

“பன்னெண்டு வருஷமாப் பாக்காததையா?”

பின்னாலிருந்து ஒஹாயோக்காரி ஊதலை ஒரு முறை ஊதினாள். தைரியம் சொல்வதுபோல இருந்தது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எல்லோருக்குமே.

கரைக்குத் திரும்பும்போது ரொவீனா ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டாள். சரிவு நெருங்கியது. அதற்கு மேலே என் வீடும், நீலப் படகும். வாசலில் இடுப்பில் கை வைத்து ஹெஸ்டர்.

“நாளைக்குப் பத்து இருபதுக்கு நாப்பது பேரோட வருவேன், ஆல்டன்,” என்றாள் ரொவீனா. “உன் வாசல்ல நிறுத்தி நான் என்ன சொல்லட்டும்?”